வாசலோடு திரும்பும் விண்ணப்பங்கள்

நேயர்களுக்கு வணக்கம். எந்த அரசு விண்ணப்பம் கைக்கு வந்தாலும் நம் கண் முதலில் தேடுவது 'யார் விண்ணப்பிக்கலாம்' என்ற பகுதியைத்தான். வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாலும் சரி, உதவித்தொகைக்குப் போட்டிருந்தாலும் சரி, அந்தப் பகுதி எல்லோருக்கும் பழக்கம். வயது இத்தனைக்குள், படிப்பு இன்னது, கணக்கிடும் தேதி இன்னது. ஒரு நாள் கூடிப் போனாலும் போனதுதான்.

அரசு பணம் கொடுத்து நடத்துகிற ஆராய்ச்சிக்கும் இதே மாதிரி ஒரு வாசல் உண்டு. அந்த வாசலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஆராய்ச்சியாளர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலே அனுப்பும் அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்தவன் நான். சில மதிப்பீட்டுக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்துகள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நிதி கேட்டு வருகிற ஒரு விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவர் நிபுணர் அல்ல. தகுதி விதிதான் முதலில் பார்க்கிறது. அது ஒரு வரி கூடப் படிக்காமல் முடிவு சொல்லிவிடும். யோசனை நல்லதா கெட்டதா என்பது அதற்கு வேண்டாத விஷயம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இதற்கே வருவேன்.

சரி, அப்படியொரு வாசல் எதற்கு? எல்லாரையும் உள்ளே விட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஆஸ்திரேலியாவில் அட்ரியன் பார்னெட் என்ற புள்ளியியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு 2012-ஆம் ஆண்டுச் சுற்றில் வந்த திட்ட முன்மொழிவுகள் 3,727. அவற்றை எழுத ஆராய்ச்சியாளர்கள் செலவழித்த உழைப்பை எல்லாம் கூட்டினால் சுமார் 550 ஆண்டுகள். மனித உழைப்பில், நேயர்களே, ஐந்து நூற்றாண்டுக்கும் மேல்! பணம் கிடைத்தது 21 சதவீதத்துக்கு. மற்றவர்கள் எழுதியது எழுதியதோடு சரி. இது போக, வந்ததையெல்லாம் படிக்கவும் ஆள் வேண்டும். படிப்பவர்களும் சக ஆராய்ச்சியாளர்கள்தான். பெரும்பாலும் தங்கள் சொந்த வேலைக்கு நடுவே, கூலி இல்லாமல் படிக்கிறார்கள். கூட்டத்தை எங்காவது குறைத்தே ஆக வேண்டும் என்று நிதி கொடுப்பவர்கள் நினைப்பதில் தப்பில்லை. வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை வைத்து வரம்பு போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

சிலர் ஆளைப் பார்த்து வரம்பு போடுகிறார்கள், சிலர் எண்ணிக்கையைப் பார்த்து, சிலர் நிறுவனத்தைப் பார்த்து. ஆளிலிருந்தே தொடங்குகிறேன், எனக்கு அதில்தான் மனக்குறை அதிகம்.

இளம் ஆராய்ச்சியாளர்களுக்கென்று தனி நிதி வைப்பது நல்ல எண்ணம். மூத்தவர்களோடு மோத விட்டால் இளையவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இளையவர் என்றால் யார்? இந்தியாவில் பல திட்டங்கள் பிறந்த தேதியைப் பார்க்கின்றன. வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்கான ராமானுஜன் ஃபெலோஷிப்புக்கு நாற்பது வயது எல்லை இருந்து வந்திருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்கள் பிறந்த தேதியைக் கேட்பதில்லை. கடைசிப் பட்டமோ மருத்துவப் பயிற்சியோ முடித்துப் பத்து ஆண்டுக்குள் இருந்து, பெரிய நிதி எதுவும் வாங்கியிராதவர் தொடக்க நிலை ஆராய்ச்சியாளர். ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழு பல ஆண்டுகளாகத் தன் தொடக்க நிலை நிதிக்கு பிஎச்.டி. முடித்து 2 முதல் 7 ஆண்டு என்று வைத்திருந்தது.

பிறந்த தேதியைவிடப் பட்டத் தேதி எவ்வளவோ மேல். பத்து வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு முப்பத்தைந்து வயதில் ஆராய்ச்சிக்கு வருகிறார் ஒருவர். பிறந்த தேதிக் கணக்கில் அவர் முனைவர் பட்டம் வாங்குவதற்குள்ளேயே கிழவராகிவிடுகிறார். பட்டத் தேதிக் கணக்கில் அவரும் இளையவர்தான். ஆனால் பட்டத் தேதி என்பது எந்தத் தேதி? இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் ஆராய்ச்சியாளர் தன் முன்மொழிவோடு வந்தார். பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு திட்டம். போர்ட்டலில் 'பட்டம் பெற்ற தேதி' என்று ஒரே ஒரு கட்டம். அவர் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று, வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று தேர்வாளர்கள் கையெழுத்துப் போட்ட அறிக்கை. இரண்டாவது, சில மாதம் கழித்துப் பல்கலைக்கழகம் கொடுத்த தற்காலிகச் சான்றிதழ். மூன்றாவது, தங்க எழுத்தில் அச்சிட்ட பட்டம், பட்டமளிப்பு விழாத் தேதியோடு. அந்த விழா அதற்கும் அடுத்த வருடம் நடந்தது. முதல் தேதியைப் போட்டால் அவருக்குக் காலம் முடிந்துவிட்டது. மூன்றாவதைப் போட்டால் நிறைய அவகாசம் இருக்கிறது. நடுவில் இருப்பதைப் போட்டால் நூலிழையில் தப்பிக்கலாம். "இதில் நான் எந்தத் தேதியில் டாக்டர் ஆனேன் சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நிதி கொடுக்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசினோம். எடுத்தவர் பட்டத்தில் அச்சாகியிருக்கும் தேதிதான் என்றார். அப்படியே நிரப்பினோம், போர்ட்டல் பச்சைக் குறி காட்டியது. கடைசித் தேதியும் போய்விட்டது. அப்புறம் வந்தது ஒரு மின்னஞ்சல்: வாய்மொழித் தேர்வுத் தேதியின்படி தகுதியில்லை, விண்ணப்பம் பரிசீலிக்கப்படவில்லை.

அவர் எழுதியதை ஒருவர் கூட, ஒரு வரி கூடப் படிக்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. தங்க எழுத்துத் தேதிதான் கணக்கு என்றால், விழா நடத்துவதில் பல்கலைக்கழகம் எவ்வளவுக்கெவ்வளவு சோம்பேறியோ, அவ்வளவுக்கவ்வளவு அதன் மாணவர்கள் இளமையாகவே இருப்பார்கள்! சுறுசுறுப்பான பல்கலைக்கழகத்து மாணவர் சீக்கிரம் முதுமையடைந்துவிடுவார். அதே சமயம், பட்டம் வாங்கி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்று இன்னொரு திட்டம் கேட்டால் கதை தலைகீழ். ஐரோப்பியக் குழு பட்டம் வழங்கிய தேதியைத்தான் முன்பு பார்த்து வந்தது. பிறகு ஆய்வேட்டை வெற்றிகரமாக வாதாடி முடித்த தேதியே, அதாவது வாய்மொழித் தேர்வுத் தேதியே, கணக்கு என்று எழுதி வைத்துவிட்டது. ஒரு வரிதான். அந்த ஒரு வரியை எல்லாரும் விதியிலேயே எழுதிவிட்டால் எத்தனை பேர் தூக்கம் மிச்சமாகும்!

தேதி என்றதும் குழந்தைப்பேறையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் குழு தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்குப் பதினெட்டு மாதம் காலத்தை நீட்டிக் கொடுக்கிறது. தந்தையர் எடுத்த விடுப்பைச் சான்றோடு காட்டினால் அதுவும் சேரும். அமெரிக்காவில் பிரசவத்துக்கு ஓராண்டு. இந்தியாவில் நடுவில் படிப்பையோ வேலையையோ விட்ட பெண்களுக்கென்றே அறிவியல் தொழில்நுட்பத் துறை தனித் திட்டம் நடத்தியிருக்கிறது. இவை நல்ல விஷயங்கள், குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்து, தோற்றவர்களைத் தடுக்கிற வரம்பு. இதில் பிரிட்டன் பட்ட பாடு சுவாரசியமானது. அங்கே பொறியியல், இயற்பியல் போன்ற துறைகளுக்கு நிதி கொடுக்கும் அரசுக் குழு ஒன்று உண்டு. 2009-இல் அது ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டு ஆண்டுக்குள் மூன்று முன்மொழிவுகளாவது தரவரிசையின் கீழ்ப்பாதியில் விழுந்து, மொத்த வெற்றி விகிதமும் 25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அடுத்த ஓராண்டுக்கு விண்ணப்பிக்கவே கூடாது. எப்படி இருந்திருக்கும் பாருங்கள்! இத்தனை காலம் பேராசிரியராக இருந்தவருக்கு, நீங்கள் 'தொடர்ந்து தோல்வியுறுபவர்' என்று ஒரு கடிதம். கல்வி உலகம் கொதித்தது. கடைசியில் குழு கொஞ்சம் இறங்கி வந்தது. முழுத் தடை வேண்டாம், ஓராண்டில் ஒரே ஒரு விண்ணப்பம் போடலாம், கூடவே மூத்தவரிடம் வழிகாட்டுதலும் பெறுங்கள் என்று மாற்றினார்கள்.

விண்ணப்பங்கள் குறைந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கீழ்ப்பாதி என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் பாருங்கள். எந்தப் பட்டியலிலும் பாதிப் பேர் கீழ்ப்பாதியில்தான் இருப்பார்கள். நூறு முன்மொழிவும் பிரமாதமாக இருந்தாலும் ஐம்பது கீழேதான். உங்கள் வேலை மோசம் என்பதற்கு அது ஆதாரமே இல்லை. பக்கத்தில் யார் போட்டியிட்டார்கள் என்பதற்குத்தான் ஆதாரம். ஐரோப்பியக் குழுவிலும் தடை உண்டு, ஆனால் வேறு மாதிரி. முதல் கட்டத்திலேயே சி என்ற கடைசி மதிப்பு வாங்கியவர் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று இருந்து வந்திருக்கிறது. கசப்புதான். இருந்தாலும் அங்கே யாரோ படித்துவிட்டுத் தடுக்கிறார்கள். படித்துவிட்டுத் தடுப்பதற்கும் படிக்காமல் தடுப்பதற்கும் எனக்கு மலையளவு வித்தியாசம்.

அமெரிக்க சுகாதாரக் கழகங்களும் 2009-இல் ஒரு கெடுபிடி செய்தன. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தைத் திருத்தி இரண்டு முறை அனுப்பலாம் என்றிருந்ததை ஒரே முறை ஆக்கினார்கள். அதிலும் தோற்றால் அந்த யோசனையே வேறு மாதிரி ஆக வேண்டும். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலைப்பை மாற்று, முதல் பத்தியை மாற்று, புதுசு என்று சொல்லி அனுப்பு. இது உண்மையிலேயே புதுசா பழசா என்று துப்பறிய அங்கே ஆட்கள் உட்கார வேண்டியதாயிற்று. 2014-இல் விதியைத் தளர்த்திவிட்டார்கள். பழைய யோசனையையே புது விண்ணப்பமாகக் கொடுக்கலாம் என்று.

அதே கழகங்கள் 2025-இல் இன்னொரு வரம்பு கொண்டுவந்தன. திட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஒரு முதன்மை ஆய்வாளர் ஓர் ஆண்டில் ஆறு விண்ணப்பத்துக்கு மேல் போடக் கூடாது. காரணம் செயற்கை நுண்ணறிவு. ஒரே ஆள் ஒரே சுற்றில் நாற்பதுக்கு மேல் அனுப்பிய சம்பவம் நடந்ததாக அவர்களே சொன்னார்கள். ஒழுங்காக எழுத வாரக்கணக்கில் ஆகிற ஒன்றை ஒரு மனிதர் நாற்பது எழுதினார் என்றால், எழுதியது யார் என்று கேட்காமல் இருக்க முடியுமா? இந்த வரம்பு எனக்குச் சம்மதம். ஆறு என்பது பெரும்பாலான மனிதர்களுக்குத் தாராளம். வயதையோ பட்டத்தையோ பார்க்காத வரம்பு என்பதும் ஒரு காரணம்.

நிறுவனத்துக்கு இத்தனை என்று வைக்கும் வரம்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கருவிகள் வாங்க அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை தருகிற நிதிக்கு ஒரு பல்கலைக்கழகம் விரல் விட்டு எண்ணக்கூடிய விண்ணப்பங்களைத்தான் அனுப்ப முடியும். நிதி கொடுப்பவருக்கு நிம்மதி. ஆனால் கூட்டம் எங்கே போயிற்று? பல்கலைக்கழகத்துக்கு உள்ளே போயிற்று. அங்கே ஓர் உள்போட்டி நடக்கும். ஒரு பக்கச் சுருக்கத்தை வைத்து, துறைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மூத்த பேராசிரியரின் கருவிக்கு முன்னால் நேற்றுச் சேர்ந்தவரின் கருவி நிற்குமா? தோற்றவருக்கு மதிப்பீட்டுக் குறிப்பும் வராது, மேல்முறையீடும் கிடையாது. அதிகாரபூர்வக் கணக்கில் அவர் விண்ணப்பிக்கவே இல்லை!

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. அதே அறிவியல் அறக்கட்டளையில் புவி அறிவியல் பிரிவு சில திட்டங்களுக்குக் கடைசித் தேதியையே எடுத்துவிட்டது. எப்போது தயாரோ அப்போது அனுப்புங்கள் என்றார்கள். குவிந்துவிடும் என்று பயந்திருப்பார்கள். நடந்தது நேர் எதிர். விண்ணப்பங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. யாரையும் தடுக்கவில்லை, யாருக்கும் கடிதம் போகவில்லை. கடைசி இரவில் அவசர அவசரமாக முடித்து அனுப்புகிற அரைகுறை முன்மொழிவுகள்தான் காணாமல் போயின என்று நினைக்கிறேன். கடைசித் தேதி இருந்தால், போட்டு வைப்போமே என்று தோன்றும். இல்லாவிட்டால், இது நிஜமாகவே தயாரா என்ற கேள்வி வரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்து நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். குலுக்கல் முறையில் நிதி கொடுப்பதைப் பற்றியும் விரிவாகப் பேசத் திட்டமிட்டிருந்தேன், அதற்குத்தான் நேரம் போதவில்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் குழு 2013-இல் ஒரு சிறு நிதிக்கு இதைத் தொடங்கியது. பெயரை மறைத்து முன்மொழிவுகளைப் படிப்பார்கள், தேறியவற்றைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் சமமாக நிற்கும் விண்ணப்பங்களுக்கு இதைச் செய்கிறது. நியூசிலாந்தில் விண்ணப்பித்தவர்களையே கேட்டபோது பெரும்பாலோர் குலுக்கல் சரிதான் என்றிருக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர்களுக்குள்ள தனி விதிகள், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்களுக்கான விதிகள் எல்லாம் என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கின்றன. நிலையத்தார் இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.