வட்டமான ஒரு மூலை

நேயர்களுக்கு வணக்கம். கட்டட வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும், எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் மூலைக்குத்தான் போகும். ஆள் எப்படி என்று பாதத்தைப் பார்த்துச் சொல்வார்கள். சுவர் எப்படி என்று மூலையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தில், லண்டனுக்குத் தென்கிழக்கே மெட்வே ஆற்றங்கரையில் ராச்செஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கோட்டை. நம் வேலூர்க் கோட்டையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே மதிலுக்கு உள்ளே நிற்கிற கோபுரம்தான் ராஜா. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி, 113 அடி உயரம். அடியில் சுவரின் கனம் மட்டும் சுமார் 12 அடி. நம்மில் பலருக்குப் படுக்கையறையே அவ்வளவுதான்! 1127இல் முதலாம் ஹென்றி மன்னர் கோட்டையை கான்டர்பரி பேராயரிடம் ஒப்படைக்க, அவர் கட்டியது. சுவருக்கு உள்ளூர்க் கரட்டுக்கல். மூலைகளுக்கு மட்டும் பிரான்ஸில் கான் என்ற ஊரிலிருந்து கப்பலில் வந்த, இழைத்த வெளிர்க்கல். மூலையின் அருமை தெரிந்த ஆட்கள்!

அந்த நான்கு மூலைகளில் மூன்று சதுரம். ஒன்று மட்டும் வட்டம். அந்த ஒன்றைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1215. ஜூன் மாதம் ஜான் மன்னர், தன் அதிகாரத்துக்கு வரம்பு கட்டச் சொல்லிப் பிரபுக்கள் கேட்ட மேக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்தார். சில மாதங்களிலேயே சண்டை. டோவரிலிருந்து லண்டன் போகிற பாதை ராச்செஸ்டர் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கிளர்ச்சிப் பிரபுக்கள் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்டோபரில் மன்னர் வந்து வளைத்தார். கல்லெறி இயந்திரங்கள் வைத்து இரவும் பகலும் அடித்துப் பார்த்தார், கோபுரம் அசையவில்லை.

சரி, மேலே முடியாவிட்டால் கீழே. பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டி, நம் வீட்டுச் சுவர் விரிசல் விட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். எனக்கும் உண்டு, அந்தக் கதை வேண்டாம். ஜான் செய்ததும் அதையேதான், வேண்டுமென்றே. தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி, மண் சரியாமல் மரத்தூண்களை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். அந்த முட்டுத் தூண்களை எரித்துவிட்டால் மேலே இருப்பது கீழே வரும். ஆனால் ஈர மண்ணுக்குள், காற்றில்லாத குழிக்குள் கட்டை பற்ற வேண்டுமே?

நவம்பர் 25 அன்று மன்னர் தன் அமைச்சருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கொழுத்த பன்றிகள் 40 வேண்டும், இரவு பகல் பாராமல் உடனே அனுப்பு. அதிலும் தின்ன லாயக்கில்லாத ரகமாகப் பார்த்து அனுப்பு! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கோட்டையையே இடிக்கப் போகிறவர், நல்ல கறி வீணாகக் கூடாதென்று கணக்குப் பார்க்கிறார்.

பன்றிக் கொழுப்பில் தீ பிடித்தது. மூலை சரிந்தது. அப்படியும் உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. கோபுரத்தை நடுவில் இரண்டாகப் பிரிக்கிற குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் போய், குதிரைக் கறி தின்று தாக்குப்பிடித்தார்கள். நவம்பர் 30இல்தான் சரணடைந்தார்கள்.

ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி அந்த மூலையைத் திரும்பக் கட்டினார், வட்டமாக. வட்டத்தில் கடப்பாரைக்கு எளிதில் அகப்படும் விளிம்பு கிடையாது. எறிகிற கல்லும் வழுக்கிப் போகும். அப்படியானால் மற்ற மூன்று? அவை இன்றும் சதுரம்தான். உடைந்ததை மட்டும் பழுதுபார்ப்பது எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் உள்ள வழக்கம் போலிருக்கிறது.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 1264இல் வந்த இன்னொரு முற்றுகையைச் சொல்ல நேரமில்லை. அந்தக் குறுக்குச் சுவரை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதன் நடுவிலேயே கிணறு இருக்கிறது. கிணற்றின் குழல் எல்லா மாடிக்கும் ஏறிப்போகும், ஒவ்வொரு மாடியிலும் வாளி இறக்க ஒரு திறப்பு. படியில் குடம் சுமக்க வேண்டாம். பாதிக் கோபுரத்துக்குள் ஒதுங்கியபோதும் அவர்களுக்குத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நன்றி, வணக்கம்.