குழந்தை பிறந்தபின் வரும் மனச்சோர்வு பட்டணத்துப் பெண்களுக்கு மட்டும்தானா?

அடுத்த கேள்வியைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வாசித்துவிடுகிறேன்.

"என் தங்கைக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது எங்கள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். காரணமே இல்லாமல் அழுகிறாள். குழந்தை வீறிட்டு அழுதாலும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் தலை வலிக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்குமோ என்று நான் சொன்னேன். அதெல்லாம் டவுனில் படித்து வேலைக்குப் போகிறவர்களுக்கு வருவது, நான் அஞ்சு பெத்தேன், எனக்கு என்ன வந்துவிட்டது என்று அம்மா பேச்சை முடித்துவிட்டார். கிராமத்தில் இது வராதா டாக்டர்?"

வரும் அம்மா. கிராமத்திலும் வரும், பட்டணத்திலும் வரும். உங்கள் தங்கையைப் பார்க்காமல் அவருக்கு இருப்பது இதுதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் "இரண்டு மாதம்" என்ற ஒன்றே, இதைச் சும்மா விடக்கூடாது என்பதற்குப் போதும்.

குழந்தை பிறந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு மனம் நெகிழ்ந்துதான் இருக்கும். சட்டென்று அழுகை வரும், எரிச்சல் வரும், அடுத்த நிமிடம் சிரிப்பார்கள். கர்ப்பத்தில் உச்சத்தில் இருந்த ஹார்மோன்கள் பிரசவமான சில நாட்களில் மளமளவென்று இறங்குகின்றன. வலி, தையல், தூக்கமின்மை வேறு. இது பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும், மருந்து தேவையில்லை. இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கும்போதுகூடத் தனக்குத் தூக்கம் வரவில்லை, நான் நல்ல அம்மா இல்லை என்ற நினைப்பே ஓடுகிறது என்றால் அது வேறு. அதைத்தான் மனச்சோர்வு என்கிறோம். குழந்தை பிறந்த முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் அது தொடங்கலாம்.

இப்போது கிராமமா பட்டணமா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்திலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வேலூர்ப் பக்கத்து மருத்துவர்கள் கிராமத்துக் கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களில் ஒரு முறை பார்த்தார்கள், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் பார்த்தார்கள். 2002-ல் அந்த ஆய்வு வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 100-க்கு 11 பேர். கர்ப்பத்திலேயே சோர்வோடு இருந்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதற்குப் பல வருடம் கழித்து, 2017-ல், இந்தியா முழுக்க நடந்த 38 ஆய்வுகளை, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது 100-க்கு 22 பேர் என்று வந்தது. நகரத்தில் 24, கிராமத்தில் 17.

பார்த்தீர்களா, நகரத்தில்தானே அதிகம் என்று உங்கள் அம்மா சொல்லலாம். 17 என்பது சின்ன எண்ணா? ஆறு பேருக்கு ஒருவர். ஒரு தெருவில் இந்த வருடம் ஆறு தொட்டில் கட்டியிருந்தால், அதில் ஒரு வீட்டில் இது இருக்கலாம். அதோடு, கிராமத்துப் பெண் தன் சோர்வைச் சோர்வு என்று வந்து சொல்வதில்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர்கள் உடம்பைத்தான் சொல்வார்கள். தலைவலி, உடம்பெரிச்சல், நெஞ்சு படபடப்பு, பால் ஊறவில்லை, சோறு இறங்கவில்லை. பல நேரம் மாமியாரோ அம்மாவோ கூட வந்திருப்பார், நான் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். அந்தப் பெண் புடவைத் தலைப்பின் ஓரத்தைத் திருகிக்கொண்டு குனிந்திருப்பார். பெரியவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "ராத்திரி தூங்குறியாம்மா?" என்று கேட்டால் போதும். சிலருக்கு அந்த ஒரு கேள்வியிலேயே கண்ணீர் கொட்டிவிடும். அதுவரை அவரிடம் எல்லாரும் பால் வருதா, குழந்தை எடை ஏறுதா, பத்தியம் சாப்பிட்டியா என்று கேட்டிருப்பார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பட்டணத்தில் கதை வேறு மாதிரி போகும். சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த அம்மா மூன்று மாதம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். கணவர் காலையில் போனால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வருவார். இடையில் கதவைத் தட்ட ஒரு ஆள் இருக்காது. இரண்டு மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே போனில், குழந்தை இத்தனை தடவை மலம் கழித்தால் சரியா, இந்த எடை போதுமா என்று தேடிக்கொண்டிருப்பார். அங்கே சிரித்த முகத்தோடு குழந்தையைக் கொஞ்சும் தாய்மார்களின் வீடியோக்களைப் பார்த்து, எனக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்றவில்லை என்று மருகுவார். கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் அது முடியும் தேதி நெருங்க நெருங்க, குழந்தையை யாரிடம் விடுவது என்ற பயம் நெஞ்சை அடைக்கும். களை எடுக்கப் போகிற பெண்ணுக்கு அந்த விடுப்பே கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் வீடு நிறைய ஆட்கள் இருந்தால் இது வராதா? இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்த வேலூர் ஆய்வில் யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால், வருமானம் குறைந்தவர்கள், ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் குழந்தை பெற்றவர்கள், மாமியாரோடு மட்டுமல்ல, பெற்றவர்களோடும் ஒத்துப்போகாமல் இருந்தவர்கள், கை உதவிக்கு ஆள் இல்லாதவர்கள். வீட்டில் பத்துப் பேர் இருந்தும், ராத்திரி எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லையென்றால் அந்தப் பெண் தனியாகத்தான் இருக்கிறார். நாடு முழுக்க நடந்த மற்ற ஆய்வுகளும் பணக்கஷ்டம், கணவன் கை நீட்டுவது, அவர் துணை நிற்காதது, முன்பே மனநோய் இருந்தது ஆகியவற்றைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

பெண் குழந்தை விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். பிரசவ வார்டில் துணியில் சுற்றிக் குழந்தையைக் கொடுத்தவுடன், "பொண்ணா, சரி விடு, அடுத்தது பையனா பொறக்கும்" என்று ஆறுதல் சொல்வார்கள். ஆறுதல் சொல்கிற அளவுக்கு அங்கே என்ன கெட்டது நடந்துவிட்டது? படுக்கையில் கிடப்பவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். உங்கள் வீட்டில் யாராவது தங்கையிடம் இப்படிப் பேசியிருந்தால், இனி பேச வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு வராமல் இருந்திருக்கலாம், ஐந்து பெற்றும் நல்லபடியாக இருந்திருக்கலாம். அவர் காலத்து ஊரில் பிள்ளை பெற்ற யாரையாவது "காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்று மந்திரிக்க அழைத்துப் போனார்களா, யாராவது கிணற்றில் விழுந்தார்களா என்று மெதுவாகக் கேட்டுப்பாருங்கள். அவருக்கே ஒன்றிரண்டு பேர் நினைவுக்கு வரலாம். பச்சை உடம்புக்காரியைத் தனியாக விடக்கூடாது, கனமான வேலை கொடுக்கக்கூடாது, நேரத்துக்குச் சூடாகச் சாப்பாடு போட வேண்டும் என்பது அவர்கள் பழக்கம். அது ரொம்ப நல்ல பழக்கம், விடவே கூடாது. பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் செய்து கொடுக்கிற அந்தக் கையே, ராத்திரி நாலு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண்ணைத் தூங்க விட்டால் அது பெரிய உதவி. தாயத்து கட்டினால் மனம் நிம்மதியாகும் என்றால் கட்டிக்கொள்ளட்டும், ஆனால் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இது குணமாகுமா? நன்றாகவே குணமாகும். முதலில் ரத்தம் குறைவாக இருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு வரும், இரண்டுமே ஆளை இப்படிச் சோர்ந்து விழவைக்கும். எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 1987-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, தமிழிலும் உண்டு. அதை வைத்து எந்த அளவில் இருக்கிறது என்று ஓரளவு கணிக்கலாம். லேசாக இருந்தால் பேச்சு வழிச் சிகிச்சையே போதும்.

பேசினால் நோய் போகுமா என்று நினைக்காதீர்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே இதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பத்திலேயே மனச்சோர்வில் இருந்த சுமார் 900 பெண்கள் அதில் இருந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பயிற்சி பெற்ற பணியாளர் போய்ப் பேசிய வீடுகளில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பயிற்சி இல்லாதவர் அதே அளவுக்குப் போய்வந்த வீடுகளில் 53 சதவீதம். 2008-ல் வெளியான இந்த முடிவைப் பார்த்தபின், கிராமத்தில் இதற்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம் ஊரில் கிராம சுகாதார செவிலியர் வீட்டு வாசலுக்கே வருகிறார். அவருக்கும் இப்படி ஒரு பயிற்சியும் நேரமும் கொடுத்தால் எத்தனையோ பேரைக் காப்பாற்றலாம்.

கொஞ்சம் தீவிரமாக இருந்தால் மாத்திரை வேண்டும். மாத்திரை போட்டால் பால் கொடுக்கக்கூடாது என்று பயந்தே பல குடும்பங்கள் வருவதில்லை. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. பெரும்பாலானவர்கள் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். ஆனால் பெயர் தெரிந்துவிட்டது என்று கடையில் வாங்கிவிடாதீர்கள், டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாளில் சரியாகவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது, சரியாகிவிட்டது என்று நீங்களாகவும் நிறுத்தக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாள் முழுக்கத் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசுவது, யாரோ காதில் சொல்வது கேட்கிறது என்பது, இது என் குழந்தையே இல்லை என்பது, செத்துப்போகலாம் என்பது, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேன் என்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காத்திருக்கக் கூடாது. இதில் சம்பந்தமில்லாமல் பேசுவது, காதில் குரல் கேட்பது போன்ற தீவிர நிலை 1000 பிரசவத்தில் ஓரிருவருக்குப் பிரசவமான முதல் சில வாரங்களில் வரும். அட்மிட் செய்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். மனநல மருத்துவமனையில் தாய் இருக்கும்போது 3 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் தாயும் குழந்தையும் சேர்ந்து தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 2009 முதல் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இன்றைக்கே தங்கையோடு தனியாக உட்காருங்கள். குழந்தையை நீங்கள் மடியில் வாங்கிக்கொண்டு, ராத்திரி தூக்கம் வருகிறதா, சாப்பிடப் பிடிக்கிறதா என்று கேளுங்கள். செத்துவிடலாம் போல இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவர் சொல்லும்போது "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தங்கையின் கணவரை வரச் சொல்லுங்கள், வாரத்தில் இரண்டு ராத்திரியாவது அவர் கூட இருக்கட்டும். 14416 என்பது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லாதது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

குழந்தைக்கு 10-வது வாரத் தடுப்பூசி இப்போது வரப்போகிறது, எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவீர்கள். நீங்களும் கூடப் போங்கள். ஊசி போட்டவுடன் கிளம்பிவிடாமல், எனக்கு எழுதியதை அப்படியே அங்கே இருக்கிற டாக்டரிடம் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் எந்த நாளில் எங்கே வருகிறார் என்று அவருக்குத் தெரியும், சீட்டு எழுதித் தருவார். அதற்குள் நான் மேலே சொன்ன ஆபத்தான அறிகுறி எதுவும் தெரிந்தால் தடுப்பூசி நாள் வரை காத்திருக்காமல் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே அழைத்துப் போய்விடுங்கள். போய்வந்ததும் அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.