ஒரே மாத்திரை, இரண்டு வயது

நேயர்களுக்கு வணக்கம். "அப்பாவுக்கும் எனக்கும் ஒரே பிரஷர் மாத்திரைதானே, தீர்ந்துபோனால் அவர் அட்டையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று அம்பாசமுத்திரம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கேட்டார். இரண்டும் பீட்டா தடுப்பான் என்ற வகையைச் சேர்ந்த அட்டினோலால்தான். இதயங்களுக்குத்தான் முப்பது வயது வித்தியாசம்.

உடலை முடுக்கிவிடும் அட்ரினலின் என்ற சுரப்பு வந்து சேர்ந்ததும், அதன் செய்தியை வாங்கித் துடிப்பைக் கூட்டுகிற பீட்டா ஏற்பிகள் இதயத் தசையில் உண்டு. அந்த ஏற்பிகளை மறித்துக்கொள்வதே இவ்வகை மருந்துகளின் வேலை. 1960களில் இவ்வகையைச் சேர்ந்த புரோப்ரனலாலைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

வயது ஏற ஏற இந்த ஏற்பிகளுக்குக் காது மந்தமாகிறது. இரத்தத்தில் அட்ரினலினைப் போலவே வேலை செய்யும் நார்அட்ரினலின் கூடுகிறது. உடல் உரக்கக் கூப்பிட்டும் இதயம் அரைகுறையாகத்தான் கேட்கிறது. ஓடினால் இருபத்தைந்து வயதில் நிமிடத்துக்கு 195 வரை ஏறக்கூடிய நாடி, எழுபத்தைந்தில் சுமார் 145இல் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்பியைத் தடுக்கும் மருந்தின் வீரியமும் அங்கே குறைவுதான்.

அப்படியென்றால் தாத்தாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமே? கூடாது. அட்டினோலால் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது. முதுமையில் சிறுநீரகம் மெதுவாகிவிடுவதால் மருந்து உடம்பிலேயே தங்குகிறது. இதே வகையைச் சேர்ந்த மெட்டோப்ரோலாலைக் கல்லீரல் சிதைக்க வேண்டும், அதுவும் தளர்ந்திருக்கும். துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவிலும் செல்கள் குறைந்திருக்கும். மகனுக்குச் சாதாரணமாக இருக்கும் அளவு, அப்பாவின் நாடியை ஐம்பதுக்குக் கீழே இறக்கிவிடலாம். கட்டிலிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால், "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

கண் அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா) ஆச்சி போட்டுக்கொள்ளும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே இனம்தான். கண்ணில் விட்டாலும் இரத்தத்தில் கலந்து நாடியைக் குறைக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். பிரஷருக்குக் காட்டப் போகும்போது அந்தப் புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்; பலரும் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போய் இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்கள், மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாள்பட மறித்து வைத்திருந்ததால் ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கும். மருந்து திடீரென்று நின்றால் அத்தனையும் ஒரே நேரத்தில் அட்ரினலினுக்கு ஆடும். இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வந்துவிடலாம். பொங்கல் பானையை எடுத்து வைக்கும்போதே மாத்திரை அட்டையையும் பையில் போட்டுவிடுங்கள்.