45–35: மெக்காய் அணியிலிருந்து ஒரு பட்டிமன்றப் பேச்சு

அவையோருக்கு வணக்கம். நடுவர் ஐயாவுக்குத் தனி வணக்கம், தீர்ப்பு அவர் கையில இருக்கிறதால.

"2008-இல் சிறந்த குவாட்டர்பேக் ஓக்லஹோமாவின் சாம் பிராட்ஃபோர்டா, டெக்ஸஸின் கோல்ட் மெக்காயா?" அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்ல, பந்தைக் கையால எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்தான் குவாட்டர்பேக். இந்தத் தலைப்பை டாலஸ்ல வெச்சவங்க யாரோ, அவங்க வீட்டுல சண்டை பத்தலை போல இருக்கு. டெக்ஸஸ் யூனிவர்சிட்டி இருக்கிற ஆஸ்டினுக்கும், ஓக்லஹோமா யூனிவர்சிட்டி இருக்கிற நார்மனுக்கும் நட்டநடுவுல இருக்கிற ஊரு இது. இங்க பாதிப் பேரு ஆஸ்டின்ல படிச்சவங்க, மீதிப் பேரு அவங்களைக் கட்டிக்கிட்டு முழிக்கிறவங்க. எங்க வீட்டுல நான் ஆஸ்டின், அவர் நார்மன். பத்துப் பொருத்தமும் பார்த்த எங்க அப்பா, மாப்பிள்ளை எந்தக் காலேஜ்னு மட்டும் கேட்காம விட்டுட்டாரு. அக்டோபர் மாசம் ஸ்டேட் ஃபேர் நடக்கையில ரெண்டு டீமும் மோதுற காட்டன் பவுல் ஸ்டேடியத்துல டெக்ஸஸ்காரங்க பாதி ஆரஞ்சு, ஓக்லஹோமாக்காரங்க பாதி சிவப்புன்னு, மைதானத்தோட நடுக்கோடான 50 யார்டு கோட்டுல ஜனம் பிரிஞ்சு உட்காரும் பாருங்க, அன்னிக்கு எங்க வீட்டு ஹால்லயும் அந்தக் கோடு உண்டு. இதோ, முன்வரிசையில சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு எதிரணி பேசினப்ப எழுந்து நின்னு கைதட்டினாரே, அவரேதான். நல்லா பார்த்து வெச்சுக்கோங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாரு. "மெக்காய் போடுறதெல்லாம் பாஸே இல்லை, பந்தியில பரிமாறுற மாதிரி. குனிஞ்சு, பக்கத்துல போய், இலையில வைக்கிறான். எங்க பிராட்ஃபோர்ட் தூக்கி அடிக்கிறான் பாருங்க, அதுதான் பாஸ்"னாரு. நீங்களும் சிரிச்சீங்க. எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் அதிகமாவே சிரிச்சாரு.

அண்ணே, நீங்க பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டிருக்கீங்க. பரிமாறியிருக்கீங்களா?

எங்க கல்யாணத்துல, தேவகோட்டையில, ரெண்டு பேரு பரிமாறினாங்க. ஒருத்தர் எங்க பெரியப்பா. கையில நெய்க் கிண்ணி. ஒவ்வொரு இலை முன்னாடியும் குனிவாரு, பருப்பு எங்க இருக்குன்னு பார்ப்பாரு, ஒரு சொட்டு வெளிய போகாது. இன்னொருத்தர் மாப்பிள்ளை வீட்டுச் சின்ன மாமா. சாம்பார் வாளி. அவர் நடக்கிறதே கிடையாது, ஓட்டம்தான். வாளியைத் தூக்கிக்கிட்டு அவர் வந்தாருன்னா பந்தியே நிமிர்ந்து உட்காரும். கரண்டி மேலே போறது தெரியும், கீழே வர்றது தெரியாது. இலையில சாம்பார் நிக்கும். அற்புதமான கை, நான் ஒத்துக்கறேன். வேகத்துல அவரை யாரும் மிஞ்ச முடியாது.

ஆனா அன்னிக்கு ரெண்டு வேட்டி போச்சு.

அதுல ஒரு வேட்டி மாப்பிள்ளையோட தாய்மாமனுது. பட்டு வேட்டி. அவர் எழுந்திரிச்சு என்ன சொன்னாருன்னு நான் சபையில சொல்ல முடியாது. சின்ன மாமா அசரலை. "மத்த இலையெல்லாம் நிறைஞ்சிருக்கா இல்லையா?"ன்னு கேட்டாரு. நிறைஞ்சுதான் இருந்துச்சு! ஆனா கல்யாணம் முடிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு, அந்தப் பந்தியில நிறைஞ்ச இலையைப் பத்தி ஒருத்தரும் பேசலை. வேட்டியைப் பத்தித்தான் இன்னும் பேச்சு.

பின்வரிசையில இப்பதான் வந்து உட்காரறவங்களுக்காகத் திரும்பச் சொல்றேன்: பெரியப்பா நெய், சின்ன மாமா சாம்பார், ரெண்டு வேட்டி.

இப்ப 2008 அக்டோபர் 11-க்கு வாங்க. ஓக்லஹோமா நாட்டுலயே நம்பர் 1, நாங்க நம்பர் 5. ஆரம்பத்துல 14–3ன்னு முன்னாடி போயிட்டாங்க. எங்க வீட்டு ஹால்ல கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே ஆட்டம். பிராட்ஃபோர்ட் அன்னிக்கு 387 யார்டு, 5 டச்டவுன் பாஸ், அதாவது எதிரணி எல்லைக்குள்ள போய் ஸ்கோர் ஆன பாஸ். சாம்பார் பொங்கி ஓடுது! கூடவே 2 இன்டர்செப்ஷன், அதாவது எதிராளி கையில போய் விழுந்த பாஸ். எண்ணிக்கோங்க: ரெண்டு. ரெண்டு வேட்டி!

எங்க பெரியப்பா, அதாவது மெக்காய், 277 யார்டுதான். ஒரே ஒரு டச்டவுன் பாஸ்தான். இன்டர்செப்ஷன் கிடையாது. ஆனா ஒரு வேடிக்கை பாருங்க, ரெண்டு பேரும் சரியா வெச்ச இலை எவ்வளவுன்னா, ஆளுக்கு 28. இவருக்கு 35 கரண்டியில 28. அவருக்கு 39 கரண்டியில 28. நடுவுல மெக்காயோட ரூம்மேட் ஜோர்டன் ஷிப்லி, எதிரணி உதைச்சு அனுப்பின கிக்-ஆஃப் பந்தை வாங்கிக்கிட்டு 96 யார்டு ஓடி வந்தாரு. அதை மெக்காய் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு அண்ணன் கையைத் தூக்குறாரு. சரிண்ணே, சேர்க்கலை. ஆட்டம் முடிஞ்சப்ப போர்டுல என்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. இந்தப் பக்கம் இருக்கிறவங்க எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க: 45–35! என் வீட்டுக்காரருக்குக் காது கேட்கலையாம், இன்னொரு தடவை. 45–35!

அந்த சீசன் முழுக்க மெக்காய் போட்ட பாஸ்ல 76.7 சதவீதம் போய்ச் சேர்ந்துச்சு. அன்னிக்கு அது தேசிய சாதனை. பரிமாறுறதாம்!

"ஜெயிச்சீங்க சரி, ஃபைனலுக்குப் போனது யாரு?"ன்னும் கேட்டாங்க. அது பழைய புண்ணு, சீக்கிரம் சொல்லிட்டுப் போயிடறேன். லபக் ஊர்ல டெக்ஸஸ் டெக்ங்கிற இன்னொரு காலேஜ்கிட்ட, ஒரு செகண்டு பாக்கி இருக்கையில அவங்க ஆளு மைக்கேல் கிராப்ட்ரீ பந்தைப் பிடிச்சு உள்ளே போய், 39–33ன்னு தோத்தோம். அந்த டெக்ஸஸ் டெக்கை ஓக்லஹோமா 65–21ன்னு புரட்டி எடுத்துச்சு. மூணு டீமும் சமம்னு ஆகி, ரேங்கிங்கைப் பார்த்து ஓக்லஹோமாவை அனுப்பினாங்க. நேருக்கு நேர் ஜெயிச்சவன் வீட்டுல உட்கார்ந்து டிவி பார்த்தான். தோத்தவன் மயாமி வரைக்கும் போய், ஃப்ளோரிடாகிட்ட 24–14ன்னு இன்னொரு தடவை தோத்துட்டு வந்தான். அந்த வருஷத்துச் சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராஃபியா? பிராட்ஃபோர்டுக்குத்தான், நான் மறைக்கலை. முதலிடத்துக்கான ஓட்டு அதிகமா வாங்கின ஃப்ளோரிடா குவாட்டர்பேக் டிம் டீபோ மூணாவது வந்த வருஷம் அது. அவருக்கு 309, பிராட்ஃபோர்டுக்கு 300, மெக்காய்க்கு 266. என்ன கணக்கோ!

50 டச்டவுன் பாஸ், 4,720 யார்டுன்னு அண்ணன் அடுக்கினதெல்லாம் உண்மை. நான் அதை மறுக்கப்போறதில்லை. வேற ஒண்ணு சொல்றேன்.

2006 மே மாசம், மெமோரியல் டே. மெக்காய் அப்ப காலேஜ்ல ஒரு ஆட்டம்கூட ஆடாத பையன். கிரஹாம்ங்கிற சின்ன ஊர்ல அப்பாகூட ஏரிக்கரையில இருக்கான். ராத்திரி பத்து மணி இருக்கும். அக்கரையில ஒரு அம்மா கத்துற சத்தம். அவங்க வீட்டுக்காரருக்கு வலிப்பு வந்துடுச்சு. நடுவுல 300 அடி தண்ணி, கும்மிருட்டு. அப்பாவும் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டு நிக்கலை, குதிச்சாங்க. நீந்திப் போய், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அந்த மனுஷனைப் பார்த்துக்கிட்டாங்க. அந்த வலது கைக்கு அந்த வருஷம் டெக்ஸஸ் இன்னும் ஒரு பந்தைக்கூட நம்பிக் கொடுக்கலை.

அந்த அப்பாதான் ஹைஸ்கூல்ல அவனுக்குக் கோச்சும். ஆயிரம் பேர்கூட இல்லாத டஸ்கோலாங்கிற ஊர்ல, பந்தை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் கொடுத்தவர்.

2009 அக்டோபர்ல, இதே காட்டன் பவுல்ல, பிராட்ஃபோர்டோட வலது தோள் மறுபடியும் போச்சு. அன்னிக்கு எங்க ஹால்ல நானும் கைதட்டலை, அவரும் பேசலை. அந்தச் சீசன் முடிவுல, 2010 ஜனவரி 7, பாசடினாவுல தேசிய ஃபைனல். எதிர்ல அலபாமா. 45 ஆட்டம் ஜெயிச்சுக் கொடுத்த மெக்காய், அஞ்சாவது பிளேயில அடி வாங்கினான். அதே வலது தோள். எலும்பு உடையலை, நரம்பு மரத்துப் போச்சு. லாக்கர் ரூமுக்குள்ள போனான். அப்பா வந்தாரு. சில கஜம் தள்ளி நின்னாரு. "போடு"ன்னாரு. 35-க்கு 28 இலையில வெச்ச கை ஐயா அது! பக்கத்துல நிக்கிற அப்பாவுக்கு ஒரு பந்தைப் போட முடியலை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். முடியலை. வெளியில டீம் தோத்துக்கிட்டிருக்கு. 37–21ன்னு முடிஞ்சுது.

இதுக்கும் சிறந்த குவாட்டர்பேக் யாருங்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு அண்ணன் எழுந்து கேட்பாரு. ஒரு சம்பந்தமும் இல்லைண்ணே. ஆனா இங்க இருக்கிற அப்பாமாருங்க யாரும் இப்ப யார்டு கணக்குப் பார்க்கலை. எங்க வீட்டுக்காரர்கூடக் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறாரு, பாருங்க. அந்த ஓட்டும் எனக்குத்தான்.

மணி அடிச்சாச்சு. நடுவர் ஐயா, ஹைஸ்மன்காரங்க பண்ணின தப்பை நீங்களும் பண்ணாம, கோல்ட் மெக்காய்னு எழுதிடுங்க. நன்றி, வணக்கம்.