குதிரைக்கு ஏது மீசை, கண்ணாடி? ஃப்ராய்டிடம் போன குட்டிப் பையன் ஹான்ஸ்

1908, வியன்னா. ஐந்து வயதைத் தொடப்போகும் பையன் ஒருவன் தெருவில் இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். "குதிரை கடிச்சிடும்!" குதிரை வண்டி ஓடும் ஊரில் இதென்ன சோதனை? மனதின் ஆழத்தைத் தோண்டும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் சொன்னது: இவனுக்குப் பயம் குதிரையிடம் இல்லை, அப்பாவிடம்!

(திரையில்: ஈடிபஸ் சிக்கல்)

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தெரியாமலே அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்த கிரேக்க அரசன் ஈடிபஸ். சின்ன வயதில் எல்லாப் பையனும் மனதுக்குள் கொஞ்சம் ஈடிபஸ்தான் என்று 1897லேயே ஃப்ராய்டுக்குத் தோன்றிவிட்டது. அம்மா முழுசாக எனக்கே வேண்டும், அப்பா போட்டிக்காரர். ஆனால் அதே அப்பாவை ரொம்பப் பிடிக்கும், அதுதான் சிக்கல். ராத்திரி நடுவில் புகுந்து அப்பாவைக் காலால் தள்ளும் வாண்டு உங்கள் வீட்டில் உண்டா? கமெண்டில் சொல்லுங்கள்.

சரி, ஹான்ஸுக்கு வருவோம். இவனுக்கு வைத்தியம் பார்த்தது யார் தெரியுமா? அந்த அப்பாவேதான்! பையன் பேசுவதையெல்லாம் எழுதி ஃப்ராய்டுக்கு அனுப்புவார். அந்த வைத்தியத்தின்போது ஃப்ராய்ட் பையனை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை.

அன்று பேச்சு, குதிரையின் கண்ணுக்கு முன்னால் இருக்கும் மறைப்பையும் வாயைச் சுற்றிய கறுப்பையும் பற்றிப் போகிறது. ஃப்ராய்ட் நிமிர்ந்து பார்க்கிறார். எதிரில் மீசையும் மூக்குக் கண்ணாடியுமாக அப்பா! 'நீ பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே எனக்குத் தெரியும், அம்மா மேல் இத்தனை ஆசை வைத்து அதனாலேயே அப்பாவுக்குப் பயப்படும் ஒரு ஹான்ஸ் வருவான் என்று' என்கிறார் பையனிடம்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹான்ஸ் கேட்கிறான்: "புரொஃபசர் சாமிகிட்ட பேசுவாரா? எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்றாரே!"

எனக்கு இந்த வழக்கிலேயே பிடித்த ஆள் ஹான்ஸ்தான். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார்கள் என்று அந்த வயதிலேயே மோப்பம் பிடித்துவிட்டான். இன்னொன்று: பஸ்ஸை இழுத்துப்போன குதிரை தடாலென்று விழுந்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். பயப்பட அது போதாதா? வோல்ப்பே, ராக்மன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 1960இல் இதைத்தான் கேட்டார்கள்.

பயம் எப்படியோ தெளிந்தது. 1922இல் 19 வயது இளைஞனாக ஃப்ராய்ட் முன் வந்து நின்றான். ஃப்ராய்ட் எழுதிய தன் கதையையே படித்துப் பார்த்தும் கிட்டத்தட்ட ஒன்றுமே ஞாபகம் இல்லையாம்! இயற்பெயர் ஹெர்பெர்ட் கிராஃப். பிறகு நியூயார்க்கில் ஓபரா என்னும் இசை நாடகங்களின் இயக்குநர்.

அப்புறம் ஒரு விஷயம். இந்தப் பயமெல்லாம் வருவதற்கு முன்னால், ஹான்ஸின் மூன்றாவது பிறந்த நாளுக்கு ஆடும் மரக்குதிரை ஒன்று பரிசாக வந்தது. அதைத் தன் கையாலேயே மாடிப்படி ஏறித் தூக்கிவந்தவர் ஃப்ராய்ட்!