உடற்பயிற்சி செஞ்சா ஆஸ்துமா இன்ஹேலரை விட்டுடலாமா?

நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "எனக்கு ஆஸ்துமா. வேகமா நடந்தாலே இளைக்குது. தினமும் உடற்பயிற்சி செஞ்சா இன்ஹேலரை விட்டுடலாமா?"

பயிற்சி கண்டிப்பா செய்யுங்க. இன்ஹேலரை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. மூச்சுக்குழாய்க்குள்ள இருக்கற அழற்சியை, அதாவது வீக்கத்தை, அடக்கி வைக்கறது தினசரி எடுக்கற ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். அந்த வேலையைப் பயிற்சி செய்யாது. உடம்பு பழகப் பழக, அதே தூரம் நடக்க முன்னளவு மூச்சு வாங்காது. அதனால அவசரத்துக்கு அடிக்கற சால்பியூட்டமால் இன்ஹேலரோட தேவை பலருக்குக் குறையும்.

முதல்ல உங்க இளைப்பு எந்த வகைன்னு பாருங்க. நின்ன ரெண்டு நிமிஷத்துல சரியாயிட்டா, அது பெரும்பாலும் பழக்கம் இல்லாத உடம்பு வாங்கற மூச்சு. நிறுத்தின அப்புறம் 5, 10 நிமிஷத்துல இருமல், விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம் கூடினா அது ஆஸ்துமா. வாயால வேகமா மூச்சு விடும்போது காத்து மூக்கு வழியா ஈரமாகாம நேரா உள்ள போகுது. குழாயோட உள்பக்கம் காய்ஞ்சு, சுத்தியிருக்கற தசை இறுகிடுது.

இதுக்கு நல்ல வழி, எடுத்த உடனே வேகம் பிடிக்காம 10, 15 நிமிஷம் உடம்பைச் சூடுபடுத்தறது. மெதுவா நடங்க, நடுவுல அரை நிமிஷம் வேகமா, மறுபடி மெதுவா. இப்படிச் செஞ்சா அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குக் குழாய் அவ்வளவா சுருங்காது. எல்லாருக்கும் இது பலிக்காது, ஆனா பலருக்குப் பலிக்கும். முடிக்கும்போதும் சட்டுனு நிக்காம வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க. பயிற்சி செய்யும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. ஆரம்பத்துக்கு அந்த வேகம் போதும். டாக்டர் சொல்லியிருந்தா, 10, 15 நிமிஷம் முன்னாடியே சால்பியூட்டமால் எடுத்துக்கோங்க. சளி, காய்ச்சல், புகை, தூசி இருக்கற நாள்ல வெளிய ஓட வேண்டாம்.

இப்ப மருந்து குறைக்கற விஷயம். மூச்சை எவ்வளவு வேகமா ஊத முடியுதுன்னு காட்டற பீக் ஃப்ளோ மீட்டர்ல காலையும் சாயங்காலமும் ஊதி எழுதி வைங்க. நல்லா இருக்கும்போது நீங்க ஊதின அதிகபட்ச அளவுல 80 சதவீதத்துக்கு மேலயே நிக்கணும். ராத்திரி இருமி எழுந்திருக்கக் கூடாது. அவசர இன்ஹேலர் வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல போகக் கூடாது. மூணு மாசம் இப்படியே ஓடினா, அந்த நோட்டோட டாக்டரைப் பாருங்க. ஸ்டீராய்டு அளவை அவங்க பொதுவா கால்வாசியிலிருந்து பாதி வரைக்கும் குறைச்சு, திரும்ப மூணு மாசம் கவனிப்பாங்க. நல்லா இருக்குதேன்னு நீங்களே நிறுத்தினா முதல் சில நாள் ஒண்ணும் தெரியாது. அழற்சி உள்ளுக்குள்ள மெதுவா ஏறி, ஒரு சளி பிடிக்கும்போது மொத்தமா வெளிய வரும்.