பட்டறைக்கு வந்ததும் மறையும் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். பொள்ளாச்சியில் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்துகிறவன் நான். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஓடுகிற இன்ஜினுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசித்தான் பழக்கம். அதனால் கொஞ்சம் உரக்கப் பேசிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் உடைந்துபோன வண்டியைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. உடைந்தது உடைந்தபடியே கிடக்கும், கழற்றினால் தெரிந்துவிடும். "எப்போதாவது ஒரு சத்தம் வருகிறது" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்களே, அந்த வண்டிதான் எங்களைத் தூங்கவிடாது. வீட்டு வாசலில் அந்தச் சத்தம் வரும், கடைத்தெருவில் வரும், சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது கட்டாயம் வரும். பட்டறைக்குள் நுழைந்ததும் காணாமல் போய்விடும். பல் வைத்தியரின் வாசல்படியை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுவதுபோலத்தான்.

அப்படி ஒரு வண்டியை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கொண்டுவந்தார். சிறிய பெட்ரோல் கார். "தம்பி, டிக்டிக் என்று ஒரு சத்தம். இப்போது கேட்காது. ஆனால் நான் பொய் சொல்லவில்லை" என்றார். இதற்கு முன்னால் இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார். ஓரிடத்தில் டேப்பெட்டை, அதாவது இன்ஜினின் வால்வுகளை அழுத்தித் திறக்கும் பாகத்தை, சரிசெய்து அனுப்பினார்கள். இன்னோரிடத்தில் ஆயிலை மாற்றிப் பார்த்துவிட்டு, இனி இன்ஜின் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பகுதியையே, இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டில் தொகையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் என் ஞாபகம் வந்ததாம்.

அந்த இரண்டு மெக்கானிக்குகளையும் நான் குறை சொல்லப்போவதில்லை. டிக்டிக் என்ற சத்தம் இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து வந்தால் எல்லோர் கையும் டேப்பெட் பக்கம்தான் போகும். என் கையும் அங்கேதான் போயிற்று. காலையில் பட்டறையைத் திறந்ததும் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்வேன். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதெலும்போடு ஒட்டிக் கேட்பேன். 1816-இல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. எங்கள் ஸ்குரூடிரைவரும் அந்த வம்சந்தான். வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தோளில் துண்டோ துப்பட்டாவோ இருந்தால் எடுத்துவிட்டுக் குனியுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சூடு ஏறியதும் தானாகச் சுழலத் தொடங்கும். யாரிடமும் சொல்லிவிட்டுச் சுழலாது.

ஐந்து நிமிடம் கேட்பேன், ஒன்றும் இருக்காது, அணைத்துவிடுவேன். இப்படி இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் டீச்சர் வந்து, "எனக்கு வயதாகிவிட்டதால் காதில் ஏதோ கேட்கிறது என்று நினைக்கிறீர்கள், இல்லையா?" என்றார். பாதி அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் நம் மொழிக்கு ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும். பள்ளியில் இரட்டைக்கிளவி படித்தபோது அது எனக்குச் சோறு போடும் என்று தெரியாது. வண்டிக்காரர் வாயைத் திறந்து சத்தத்தைச் சொல்லிக் காட்டினாலே பாதி இடம் தெரிந்துவிடுகிறது. கீச்கீச் என்றால் பெல்ட். ஓடும்போது அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்போம். கரகர என்றால் ஏதோ ஒரு பேரிங் தேய்ந்திருக்கிறது; ஆல்டர்னேட்டரோ, வாட்டர் பம்ப்போ, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் புல்லியோ. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சலசல என்று தகரம் அதிர்ந்தால், சைலன்சர் குழாய்க்கு மேலே வெப்பத்தைத் தடுக்க வைத்திருக்கும் மெல்லிய தகட்டின் போல்ட் விட்டிருக்கும். டிக்டிக் என்பது சின்ன சத்தம், மேலே. டொக்டொக் என்பது கனத்த சத்தம், கீழே. டொக்டொக் என்று யாராவது சொன்னால் நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஆனாலும், வந்து வந்து போகிற சத்தத்துக்கு "எப்படிக் கேட்கிறது" என்பதைவிட "எப்போது கேட்கிறது" என்பதுதான் பெரிய கேள்வி. காலையில் குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடானதும் நின்றுவிட்டால் ஒரு கதை. பிஸ்டன் சூட்டில் கொஞ்சம் விரியும். குளிர்ந்த நேரத்தில் சிலிண்டருக்குள் இருந்த தளர்ச்சி குறைந்து, தட்டுவது நின்றுவிடும். புகை வெளியேறும் மேனிஃபோல்டில் விரிசலோ கேஸ்கட் கசிவோ இருந்தாலும் இதே நடத்தைதான். இரும்பு விரிந்ததும் இடுக்கு அடைபட்டுவிடும். நேர்மாறாக, குளிரில் அமைதியாக இருந்து, சூடான பிறகு கீழ்ப்பக்கத்தில் தட்டினால் கதை வேறு. சூட்டில் ஆயில் இளகும். தேய்ந்த பேரிங்கை அதுவரை தாங்கிக்கொண்டிருந்த ஆயில் படலம் மெலிந்துவிட்டது என்று பொருள். கிளட்சை மிதித்தால் நிற்கிறதா? ஏசி போட்டால் வருகிறதா? ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் இடிக்கிறதா? கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்து, இன்ஜின் சாய்ந்து, குழாய் எங்கோ முட்டுவது.

டீச்சரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்காமலே இரண்டு நாளைக் கழித்திருந்தேன். மூன்றாம் நாள்தான் உட்காரவைத்துக் கேட்டேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது இல்லை. ரயில் நிலையம் தாண்டி வரும்போது இல்லை. ஊருக்குள் வந்து சிக்னலில் நிற்கும்போது கேட்கும். சில சிக்னலில் கேட்காது. கண்ணாடியை இறக்கினால் இன்னும் தெளிவாகக் கேட்கும். அவ்வளவையும் வகுப்பெடுப்பதுபோலச் சொன்னார். அப்போதுதான் உறைத்தது. நான் கேட்ட நேரமெல்லாம் இன்ஜின் குளிர்ந்திருந்த நேரம். சூடாவதற்குள் அணைத்துவிட்டேன்.

அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஊரைச் சுற்றினோம். ஒரு சிக்னலில் நின்றதும் ஆரம்பித்தது டிக்டிக். டீச்சர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். ஓரமாக நிறுத்தச் சொல்லி, "ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மட்டும் மிதியுங்கள்" என்றேன். இன்ஜின் வேகம் கூடியது. டிக்டிக் அதே வேகத்தில் இருந்தது.

கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். சும்மா நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று சுற்றும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் அதில் பாதி, 400 சுற்று. ஒரு டேப்பெட் தளர்ந்திருந்தால் நொடிக்கு ஆறேழு தட்டல் கேட்கும். இன்ஜின் வேகம் கூடினால் இந்தத் தட்டலும் கூடியே ஆக வேண்டும்; இரண்டும் ஒரே சங்கிலியிலோ பெல்ட்டிலோ கட்டுண்டவை. வேகம் கூடியும் தட்டல் கூடவில்லை என்றால், தட்டுவது எதுவாக இருந்தாலும் டேப்பெட் இல்லை. ஹெட்டை இறக்க வேண்டிய காரணமும் இல்லை.

தட்டியது ஒரு சின்ன மின் வால்வு. பெட்ரோல் டேங்கில் எழும் ஆவி வெளியே போய்விடாமல் கரி நிரப்பிய ஒரு டப்பாவில் சேரும். இன்ஜின் சூடான பிறகு, வண்டியின் கம்ப்யூட்டர் தனக்குத் தோன்றும்போது இந்த வால்வைத் திறந்து திறந்து மூடி, அந்த ஆவியை இன்ஜினுக்குள் விட்டு எரித்துவிடும். திறந்து மூடும்போது டிக்டிக் என்றுதான் கேட்கும். அது கோளாறே இல்லை. ஓடும்போது டயர் சத்தத்தில் அமுங்கிவிடும், நின்றால் கேட்கும். கம்ப்யூட்டர் வேண்டாமென்று விட்டால் கேட்காது. ஆனால் டீச்சர் வண்டியில் மட்டும் ஏன் இவ்வளவு உரக்க? வால்வைப் பிடித்திருக்கும் பட்டைக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பரைக் காணோம். முன்பு எப்போதோ யாரோ கழற்றி மாட்டியபோது அது விழுந்திருக்க வேண்டும். இரும்போடு இரும்பு ஒட்டி நின்று, மிருதங்கத்தைத் தட்டியதுபோல முழு இன்ஜினும் முழங்கியிருக்கிறது. ஸ்குரூடிரைவரை எங்கே வைத்தாலும் மேல்பக்கம் முழுக்க ஒரே மாதிரி கேட்டிருக்கும். இரும்பு சத்தத்தைக் கடத்தும், இடத்தைக் காட்டிக்கொடுக்காது. பழைய ட்யூபிலிருந்து ஒரு துண்டு ரப்பரை வெட்டி வைத்தேன். நின்றது. கூலி வாங்க எனக்கு வெட்கம். டீச்சர் விடவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, வந்து போகிற சத்தமெல்லாம் ரப்பர் துண்டு சமாசாரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஊரிலிருந்து ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் டீசல் டாக்ஸி ஓட்டும் பையன் ஒருவன் ஒரு நாள் வந்து, "அண்ணா, வளைவில் திரும்பும்போது மட்டும் டொக்டொக் என்கிறது. நேரே வந்ததும் நின்றுவிடுகிறது. டிக்கியில் ஜாக்கி உருளுகிறது போல" என்றான். ஜாக்கியைத் துணியில் சுற்றி வைத்துக்கூடப் பார்த்திருக்கிறான். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஏதாவது எரிந்ததா என்று கேட்டேன். "வளைவில் மின்னும், உடனே போய்விடும்" என்றான்.

ஆயில் ஸ்டிக்கை உருவினேன். நுனியில்கூட ஈரமில்லை. இன்ஜினின் அடித்தொட்டியில் ஆயில் குறைந்துவிட்டால், வளைவில் இருப்பதெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். அந்த ஓரிரு நொடி பேரிங் வறண்டு தட்டும். நேரே வந்ததும் ஆயில் திரும்பி வந்து சத்தத்தை மூடிவிடும். சமவெளியில் நான் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

ஆயில் ஊற்றியதும் சத்தம் நின்றது. "அப்போ நான் கிளம்பட்டுமா அண்ணா?" என்றான், மேலே பயணிகள் காத்திருந்தார்கள். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அடித்தொட்டியைக் கழற்றினேன். பேரிங் தகடுகளில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் பளபளத்தது. இன்னும் சில நடை போயிருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் இன்ஜினின் உடலைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும், அதுவும் ஏதாவதொரு வளைவில். அந்தத் தகடுகளில் ஒன்று இன்னும் என் மேசைமேல் கிடக்கிறது. "எப்போதாவதுதான் வருகிறது, அவசரமில்லை" என்று யாராவது சொன்னால் அதை எடுத்து அவர் கையில் கொடுப்பேன்.

வணக்கம்.